ஹம்போல்ட் கண்ட ஏரியும் மலையும்

பூகோளப் படத்தை விரித்துத் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையை நோக்குவோமாயின், தெற்கினின்று வடக்கு நோக்கிச் செல்லும் குளிர்ந்த கடலோட்டம் ஒன்று ஹம்போல்ட் நீரோட்டம் என்று குறிக்கப்பட்டிருக்கக் காண்போம். தேர்வை அஞ்சி அப்பெயரை மனனஞ் செய்த நம்மிற் பலர், அது ஒரு மனிதருடைய பெயர் என்பதை எண்ணிப் பார்த்ததும் இல்லை. நாமும் அக்கூட்டத்தில் இருந்தவர்களே என்பதை ஒளிப்பானேன்? அப்பெயருடையார் உயிரோடிருந்த நாளில் ஐரோப்பாவில் அவரை அறியாதார் அரியர். இற்றைக்கோ மலைகளும் மீன்களும் செடிகளும் ஊர்களும் அவர் பெயரைத் தாங்கி நிற்க, அவர் வரலாறு மட்டும் மறைந்து கிடக்கின்றது.

அலெக்ஸாந்தர் ஹம்போல்ட் என்னும் அப்பெரியாருடைய சரித்திரத்தை முற்றக் கூறப் புகின் பெருகும். மலைச்சரிவில் ஏர் பிடிப்போன் மழையையும் சுனையையுமே நம்பி வாழ்பவன். அவை மாறுங்கால் அவன் வாழ்வு மாறுகின்றது. அவ்வாறு மாறுவது ஏன் என்று கருவிகளோடு சென்று அளந்து கேட்டவருள் ஹம்போல்ட் முன்னோடியாவார். அவருடைய வாழ்வில் இப்பகுதியையே நாம் சற்று விரித்துச் சொல்லி, ஏனையவற்றைச் சுருக்கிக்கொள்வோம்.

ஹம்போல்ட் பிரஷ்ய தேசத்துத் தலைநகராகிய பெர்லினில் 1769-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14-ஆம் தேதி பிறந்தார். தந்தையார் படைத்தலைவராயிருந்து அரண்மனைப் பணியில் அமர்ந்தவர். மகனுக்குப் பத்து வயது நிரம்புமுன்னரே, 1779-இல், இறந்துபோயினார். தாயார் செல்வம் மிக்கவர், அன்பைப் புறத்தே காட்டாதவர். இரண்டாண்டு மூத்தவராகிய வில்ஹெல்ம் பிற்காலத்தில் மொழி நூலிற் பேர்பெற்று, பெர்லின் சர்வகலாசாலை 1810-இல் தோன்றுதற்குக் காரணராயினார். அண்ணன் ஏட்டில் ஆழ்ந்திருக்க, தம்பி செடியும் கல்லும் பூச்சியும் பொறுக்கித் திரிவார்.

அரசாங்க உத்தியோகமே தம் மகனுக்குத் தக்கதென்று தாயார் கொண்டமையால், ஹம்போல்ட் பிரைபர்க் நகரத்துச் சுரங்கக் கல்லூரியிற் பயின்று, 1792-இல் சுரங்க இலாகாவிற் சேர்ந்தார். அவ்வேலையையும் அவர் ஏனோதானோ என்று செய்தாரல்லர். சுரங்கத் தொழிலாளர் தாம் வெட்டும் கல்லின் இயல்பையே அறியாதிருந்ததைக் கண்டு, மேலதிகாரிகளைக் கேளாமலே தம் சொந்தப் பணத்தில் அவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார். நச்சுக்காற்றிலும் அவியாமல் எரியும் விளக்கொன்றைத் தாமே அமைத்து, அதனைச் சோதிக்கப் போன இடத்தில் மூர்ச்சையுற்று உயிர் தப்பினதும் உண்டு. 1796-இன் இறுதியில் தாயார் இறந்தார். பெருஞ் செல்வம் கைக்கு வந்தது, உத்தியோகம் விடப்பட்டது. தூரதேசங்களைக் காணவேண்டும் என்று சிறு பருவத்திலிருந்தே மனத்திற் பொதிந்து வைத்திருந்த வேட்கைக்கு இனித் தடையில்லை.

ஆயினும் ஐரோப்பா முழுவதும் அக்காலத்துப் போர்மயமாயிருந்தமையால், எகிப்துக்குச் செல்வதும் உலகைச் சுற்றுவதுமாகிய அவருடைய எண்ணங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் குலைந்தன. கடைசியாக ஸ்பானிய மன்னர் நான்காம் சார்ல்ஸ், தம் ஆட்சிக்குட்பட்ட அமெரிக்க நாடுகளைச் சுற்றிப் பார்க்க அவருக்கு அனுமதிச் சீட்டு அளித்தார். அயல்நாட்டாரை அந்நாடுகளில் எளிதில் நுழையவிடாத அரசாங்கம் அங்ஙனம் அளித்தது பெரு வியப்பே. செலவெல்லாம் தம்முடையது என்று ஹம்போல்ட் கூறினமை அதற்கு உதவியிருக்கலாம். எய்மே போன்பிளான் என்னும் பிரெஞ்சுத் தாவர நூலாரைத் துணைக்கொண்டு, நாற்பதுக்கு மேற்பட்ட கருவிகளுடன், 1799-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி அவர் கப்பலேறினார். கப்பலிற் காய்ச்சல் பரவினமையால், எண்ணிய துறைக்குச் செல்லாமல், ஜூலை 16-ஆம் தேதி இன்றைய வெனிசுவேலா தேசத்துக் குமனா என்னும் துறையில் இறங்கினர்.

நாம் முக்கியமாகச் சொல்லக் கருதியது இதற்கு மேல் தொடங்குகின்றது. 1800-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில் இவ்விருவரும் அரகுவா என்னும் பள்ளத்தாக்கை அடைந்தனர். வடக்கே கடலோர மலைத்தொடர், தெற்கே உள்நாட்டு மலைத்தொடர். இரண்டிற்கும் நடுவே வலென்சியா ஏரி. சுற்றிலுமுள்ள மலைகளினின்று இறங்கும் சிற்றாறுகள் அனைத்தும் அவ்வேரியில் வந்து விழும். அதினின்று கடலுக்குச் செல்லும் வழி ஒன்றும் இல்லை. ஆதலின் மலையில் நிகழும் மாறுதலை ஏரியின் நீர்மட்டம் கணக்குப் புத்தகம்போல் எழுதிக் காட்டிவிடும். பள்ளத்தாக்கிலோ கரும்பு, பருத்தி, கொக்கோ, அவுரி முதலியன செழித்திருந்தன. கோதுமை விளைந்த இடங்களும் உண்டு. பார்ப்பவர் கண்ணுக்குக் குறையொன்றும் தோன்றாத பூமி.

எனினும் அவ்வூரார் அஞ்சிக்கொண்டிருந்தனர். ஏரி ஆண்டுதோறும் சுருங்கிவந்தது. முன்பு நீரில் மூழ்கியிருந்த பாறைகள் தீவுகளாய் வெளிப்பட்டன. முன்பு தீவாயிருந்தவை கரையோடு சேர்ந்தன. நீர் விலகிய நிலம் வளமான வண்டல் ஆதலின், தோட்டக்காரர் முதலில் மகிழ்ந்து அதிலும் பயிரேற்றினர். நீர் இன்னும் இன்னும் விலகவே, மகிழ்ச்சி அச்சமாயிற்று. பூமிக்கடியில் ஏதோ ஒரு துளை திறந்து நீர் கடலுக்குச் செல்கிறது என்பது பலருடைய கொள்கை. கண்ணுக்குத் தெரியாத துளையின்மேற் பழியைச் சுமத்துவது எக்காலத்தும் எளிது.

ஹம்போல்ட் அத்துளையைத் தேடவில்லை. ஏரியின் உயரத்தையும் நீரின் வெப்பத்தையும் அளந்தார். வெயிலில் எவ்வளவு நீர் ஆவியாகும் என்று கணக்கிட்டார். பிற ஏரிகளோடு ஒப்பிட்டார். ஊர்ப் பெரியவர்களிடம் முன்னாளில் கரை எங்கே இருந்தது என்று உசாவினார். பின்னர் ஏரியை விட்டு மலையை நோக்கினார். காரணம் அங்கே இருந்தது. அவுரிக்காகவும் பிற பயிர்களுக்காகவும் சரிவுகளிலிருந்த காடுகள் வெட்டப்பட்டிருந்தன. ஏரிக்கு வரவேண்டிய ஆற்றுநீரும் வாய்க்கால்களின் வழியே வயல்களுக்குத் திருப்பப்பட்டிருந்தது. வரவு குறைந்தது, வெயிலின் செலவு குறையவில்லை. ஆகவே ஏரி வற்றிற்று.

காடு அழிந்தால் நீர் குறைவது எங்ஙனம் என்பதையும் அவர் விளக்கினார். மரநிழலில் மட்கிய சருகும் பாசியும் வேர்ப்பின்னலும் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையில்லாத நாளிற் சிறிது சிறிதாய்ச் சுனைகளுக்கு விடுகின்றன. மரம் போய்விடின், பெய்த மழை ஒருசேர ஓடி இறங்குகிறது. மலைமண்ணை வாரிக்கொண்டு காட்டாறாய்ப் பெருகித் தாழ்நிலத்தை அழிக்கிறது. சில நாட் கழிந்ததும் அதே ஆறு கல்லும் மணலுமாய்க் கிடக்கிறது. இவ்வாறு ஒரே செயல் வெள்ளத்தையும் வறட்சியையும் ஒருங்கே பெற்றெடுக்கின்றது. பெய்யும் மழையின் அளவு மாறாவிடினும், உழவனுக்குப் பயன்படும் மழை மாறிவிடுகின்றது என்பதே இதன் கருத்து. இன்று பள்ளிச் சிறுவரும் ஒப்பிக்கும் இச்செய்தி, அன்று ஓர் ஏரியின் கணக்கோடு சேர்த்துச் சொல்லப்பட்டபோது புதுமையாயிருந்தது.

இவ்வேரியின் கதை இதனோடு முடிந்திலது. இருபதாண்டுகளுக்குச் சற்று மேற்பட்டபின், 1822-இல், ஹம்போல்ட்டின் சிபாரிசின்பேரில் பூசேங்கோ என்னும் பிரெஞ்சு ரசாயன நூலார் அந்நாட்டுக்குச் சென்றார். அவர் கண்டது என்ன? ஏரி குறையவில்லை, ஏறிக்கொண்டிருந்தது. வெளிப்பட்ட தீவுகள் மீண்டும் மூழ்கிக்கொண்டிருந்தன. பயிரிட்ட கரைநிலங்களை நீர் விழுங்கிவந்தது. இடைக்காலத்தில் அந்நாட்டில் விடுதலைப் போர் நிகழ்ந்து, தோட்டங்கள் பாழடைந்தன. அவற்றில் அடிமைகளாய் உழைத்தவர்கள் விடுதலை நாடிப் படைகளிற் சேர்ந்து சிதறிப்போயினர். வெட்டப்பட்ட சரிவுகளிற் காடு மீண்டும் மண்டிற்று. வாய்க்கால்கள் தூர்ந்து, ஆறுகள் ஏரிக்கே திரும்பின. ஹம்போல்ட் கூறியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? சோதனைச்சாலையிற் செய்ய இயலாத சோதனையை ஒரு போர் செய்து காட்டிற்று. 1837-இல் பூசேங்கோ இதனை எழுதி வெளியிட்டார்.

ஆயினும் நாம் நடுநிலையிலிருந்து ஒன்று கூறவேண்டும். காடு வெட்டினதால் ஊற்று எவ்வளவு குறைந்தது, வாய்க்காலிற் திருப்பினதால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துக் காட்ட இருவராலும் முடியவில்லை. மரங்கள் நீரைத் தேக்குவதேயன்றித் தாமும் பருகி ஆவியாக விடுகின்றன என்பதும், ஆகவே மரம் நட்ட இடமெல்லாம் ஆற்றில் நீர் பெருகும் என்பது உறுதியன்று என்பதும் இக்காலத்து ஆராய்ச்சிகள் காட்டியவை. அவ்வேரியும் 1970-களின் இறுதியிலிருந்து வேறு காரணத்தால் ஏறத் தொடங்கிற்று. அண்டையிலுள்ள வேறு ஆற்றுப் படுகையிலிருந்து நகரங்களுக்குக் கொண்டுவரப்பட்ட நீர், பயன்பட்டபின் ஏரியில் வந்து விழுகின்றது. அன்று வற்றுகிறதென்று அஞ்சினர். பின்னாளில் மராக்காய் நகரத்துத் தென்புறத்தார் தம் வீடுகளுள் ஏரிநீர் புகுவதை அஞ்சலாயினர்.

வலென்சியாவை விட்டு ஒரினோக்கோ ஆற்றிற் படகேறிச் சென்றதும், முதலையும் கொசுவும் மின்விலாங்கும் அவர்களைப் படுத்தியபாடும், கூபாத் தீவு சென்று மீண்டதும் சுவையுள்ளனவாயினும் இவண் விடுக்கின்றோம். 1801-இல் தென் அமெரிக்காவிற்குத் திரும்பி, ஆண்டீஸ் மலைத்தொடர் வழியே மாதக்கணக்காய் நடந்து, 1802-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கித்தோ நகரை எய்தினர். சுற்றிலும் எரிமலைகள். ஹம்போல்ட் ஒன்றன்பின் ஒன்றாய் அவற்றில் ஏறினார். சிம்பொராசோ என்பது 20,500 அடிக்குச் சற்று மேற்பட்ட உயரமுடையது; உலகிலேயே உயர்ந்த மலை அதுவே என்று அக்காலத்தார் கருதினர். 1802-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் தேதி, போன்பிளானும் கித்தோ நகரத்து இளைஞராகிய கார்லோஸ் மோந்தூபாரும் உடன்வர, அவர் அதில் ஏறினார். பனிக்கோட்டருகே சுமையாட்கள் மேலே வர மறுத்துவிட்டனர். கூரிய பாறையிற் கையும் காலும் கிழிந்தன. ஈறுகளில் இரத்தம் கசிந்தது. மூடுபனி கண்ணை மறைத்தது. அந்நிலையிலும் சில நூறு அடிக்கொருமுறை நின்று, நடுங்கும் விரலால் பாரமானியை எடுத்து உயரத்தை அளந்தார். 19,000 அடிக்கு மேற்பட்ட ஓரிடத்தில் பெரிய பிளவொன்று குறுக்கிட்டமையால், சிகரத்தை எய்தாமலே திரும்பினர். அதுவரையில் அவ்வளவு உயரம் ஏறினதாக எழுதிவைத்தவர் எவரும் இலர்.

இவ்வீரச் செயலைக் காட்டிலும் அதன் பயனாய் எழுந்த படமே பெரிதென்று நாம் கருதுகின்றோம். சிம்பொராசோவை நெடுக்காய் வெட்டினாற்போல் வரைந்து, எந்த உயரத்தில் எந்தச் செடி வளர்கின்றது என்று அதன்மேலேயே பெயர் எழுதி, இருபுறத்தும் அவ்வவ்வுயரத்துக்குரிய வெப்பம், காற்றின் கனம், ஈரம் முதலியவற்றை அட்டவணையாக்கிய படம் அது. 1803-இல் குவயாகில் துறைமுகத்தில் முதன்முதல் வரையப்பட்டு, 1807-இல் அச்சேறிற்று. அந்த அட்டவணைகளுள் ஒன்று உழவுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அடிவாரத்தில் கரும்பும் அவுரியும் கொக்கோவும் வாழையும். மேலே செல்லச் செல்ல மக்காச்சோளமும் கோதுமையும். அதற்கும் மேல் வாற்கோதுமையும் உருளைக்கிழங்கும். அப்பால் மேய்ச்சற் புல்லேயன்றி ஏர் இல்லை. மலையில் வாழும் குடியானவன் தன் அனுபவத்தால் அறிந்து தலைமுறை தலைமுறையாய்க் காத்துவந்த ஒழுங்கை, ஐரோப்பிய சாஸ்திரம் முதன்முறையாக ஒரே தாளில் கண்டது. நம் நாட்டிலும் மலையடிவாரத்தான் விதைப்பதை மேட்டு மலையான் விதைப்பதில்லை. எனினும் அதனைப் படமாக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றிற்று?

அம்மலைநாட்டு உழவரைப்பற்றி ஓர் இடைச்செய்தி. சிம்பொராசோவில் ஹம்போல்ட் ஏறிய நாளுக்கு மறுநாள், ஜூன் 24, யோவான் ஸ்நானகர் திருநாள். அதே மலைத்தொடரில் தெற்கே பேரு, பொலிவியா நாடுகளிலுள்ள உழவர், அத்திருநாளையொட்டிய சில இரவுகளில் விடியுமுன் மலைமேல் ஏறி, நாம் கார்த்திகை என்று கூறும் விண்மீன் கூட்டத்தை உற்றுநோக்குவர். மீன்கள் தெளிவாய்ப் பலவாய்த் தோன்றின் மழை காலத்தில் வரும். மங்கலாய்ச் சிலவாய்த் தோன்றின் மழை பிந்தும், குறையும். ஆகவே உருளைக்கிழங்கு ஊன்றுவதைத் தள்ளிப்போடவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. மூடநம்பிக்கை என்று நகைக்கத் தோன்றும். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி அந்நகைப்பை நிறுத்திற்று. பசிபிக் கடல் வழக்கத்தின் மிக்கு வெம்மையுறும் எல் நீனோ ஆண்டுகளில், அந்நாட்டு வானத்தில் மிக உயரே மெல்லிய மேகத்திரை பரவுகின்றது. அத்திரை அம்மீன்களை மங்கச் செய்கின்றது. அவ்வாண்டுகளிலேயே அம்மலைகளில் மழையும் குன்றுகின்றது. நூற்றாண்டுகளாய் அக்குடியானவர்கள் தம்மையறியாமலே கடலின் வெப்பத்தை வானத்திற் படித்துவந்தனர்.

இங்கே ஹம்போல்ட்டின் சரித்திரத்தில் வியக்கத்தக்க ஒரு பொருத்தம் இருக்கின்றது. மலையினின்று இறங்கி, 1802-இன் பிற்பகுதியில் பேரு நாட்டுக் கடற்கரையை அடைந்த அவர், வெப்பமானியைக் கடலில் இறக்கி, வெப்ப நாட்டுக் கடலாயினும் அந்நீர் மிகக் குளிர்ந்திருப்பதை அளந்து எழுதினார். நாம் தொடக்கத்திற் குறித்த நீரோட்டம் அதுவே. அதனை அக்கரை மீனவர் என்றோ அறிவர். தாம் அளந்ததன்றிக் கண்டுபிடித்ததில்லை என்று அவரே அப்பெயரை மறுத்துவந்தார். அக்குளிர்நீர் மேலே வருவது குன்றி, வெந்நீர் வந்து மூடிக்கொள்வதே எல் நீனோ. அப்போது பேருவின் வடகரையில் வெள்ளமும், தென்பேரு, பொலிவியா மேட்டுநிலங்களில் வறட்சியும் உண்டாகும். 1982, 1983-ஆம் ஆண்டுகளில் அவ்வாறு நேர்ந்து, திதிகாக்கா ஏரியைச் சூழ்ந்த மேட்டுநிலத்தில் உருளைக்கிழங்கு விளைவு பாழாயிற்று. மலையின் உழவையும் அளந்தார், கடலின் குளிர்ச்சியையும் அளந்தார். இரண்டையும் கட்டும் கயிறு அவர் கைக்கு எட்டவில்லை. இந்தியாவிற் பருவமழை தவறுவதன் காரணத்தைத் தேடிய கில்பர்ட் வாக்கர் 1924-இல் அக்கயிற்றின் ஒரு நுனிக்குத் தென்கோள ஊசலாட்டம் என்று பெயரிட்டார். 1969-இல் பியர்க்னெஸ் என்பார் அதனைப் பசிபிக் கடலின் வெப்பத்தோடு முடிந்தார்.

மெக்ஸிகோவில் ஏறத்தாழ ஓராண்டு தங்கி, ஐக்கிய நாடுகளில் ஜனாதிபதி ஜெபர்ஸனைக் கண்டு அளவளாவி, 1804-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஹம்போல்ட் பிரான்ஸ் நாட்டிற் கரையேறினார். இருபதாண்டுகளுக்கு மேல் பாரிஸ் நகரத்திலிருந்து, கொண்டுவந்த குறிப்புகளைப் பல பெருஞ் சம்புடங்களாக வெளியிட்டார். படங்களுக்கும் அச்சுக்கும் அவருடைய பிதிரார்ஜிதம் முழுவதும் கரைந்தது. 1817-இல் ஒரே வெப்பமுள்ள இடங்களைக் கோட்டால் இணைக்கும் முறையை அவர் ஏற்படுத்தினார். இன்று தட்பவெப்பப் படங்களில் நாம் காணும் வளைகோடுகள் அவர் தந்தவை. அடிமை வியாபாரத்தை அவர் மனமார வெறுத்தவர். கூபாவைப்பற்றிய நூலில் அதனைக் கண்டித்து எழுதிய பகுதியை, 1856-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் விட்டுவிட்டனர் என்று அறிந்து, எண்பத்தாறு வயதுக் கிழவர் பத்திரிகைகளில் வெளிப்படையாக மறுப்பு எழுதினார்.

அவருக்கு ஈடேறாத ஆசை ஒன்று உண்டு. அது நம் நாட்டைப் பற்றியது. ஆண்டீஸைக் கண்ட கண்ணால் இமயத்தையும் காணவேண்டும், இரண்டையும் ஒப்பிடவேண்டும் என்பது அது. பிரஷ்ய மன்னர் பொருளுதவிக்கு இசைந்தார். ஹம்போல்ட் பலமுறை லண்டன் நகரத்துக்கு நடந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியார் அனுமதி அளித்திலர். ஸ்பானிய அரசாங்கத்தின் குடியேற்ற ஆட்சியை அவர் நூல்களில் விமரிசித்த வகையைப் படித்தவர்கள், தம் ஆட்சியையும் அங்ஙனம் எழுதிவிடுவார் என்று அஞ்சினர் எனக் கருதப்படுகின்றது. பிற்காலத்தில் அவர் சிபாரிசினால் ஷ்லாகின்ட்வைட் சகோதரர் மூவர் 1854-இல் இந்தியா வந்து இமயத்தை அளந்தனர். அவர்களுள் அடால்ப் என்பவர் 1857-இல் காஷ்கரில் கொலையுண்டார்.

ஹம்போல்ட் வராவிடினும் அவர் கருத்து வந்தது. சென்னை ராஜதானியில் இராணுவ வைத்தியராயிருந்தவரும், பின்னர்ச் சென்னைப் பொருட்காட்சிச்சாலையை நிறுவியவருமாகிய எட்வர்டு பால்பர், மரங்களுக்கும் மழைக்குமுள்ள தொடர்பைப்பற்றி 1849-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வலென்சியா ஏரியின் செய்தி இங்ஙனம் நம் நாட்டு அதிகாரிகளின் மேசைக்கு எட்டிற்று. சென்னையிலேயே பிறந்த வைத்தியராகிய ஹியூ கிளெகார்ன் 1856-இல் இராஜதானியின் காட்டு இலாகாத் தலைவரானார். மலைக்காடுகளைக் காக்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தியது நன்றே. ஆயினும் அதன் பாரம் யார்மேல் விழுந்தது என்று நாம் கேட்டல் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் சிறு நிலத்தைச் சுட்டு இரண்டோர் ஆண்டு பயிரிட்டுப் பின் அதனைக் காட்டுக்கே விட்டுவிடும் குமரிச் சாகுபடி 1860-ஐ ஒட்டிக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. காப்பித் தோட்டங்களோ அக்காலத்திலேயே மலைமலையாய்க் காட்டை விழுங்கிப் பரவின. அரகுவாவில் ஹம்போல்ட் குற்றம் கண்டது சந்தைக்கு அவுரி விளைத்த பெருந்தோட்டங்களிடம். அவர் பெயரால் இங்கே தண்டிக்கப்பட்டவனோ மலையில் தன் வயிற்றுக்குத் தினை விதைத்தவன். ஆசிரியர் கூறாததையும் மாணாக்கர் செய்துவிடுவர் என்பதற்கு இஃது ஓர் உதாரணம்.

பணம் தீர்ந்தமையால் 1827-இல் ஹம்போல்ட் பெர்லினுக்கு மீண்டு, மன்னருடைய அரண்மனைப் பணியை ஏற்றார். அவ்வாண்டின் இறுதியிலும் மறு ஆண்டின் தொடக்கத்திலும் அவர் செய்த பிரசங்கங்களைக் கேட்க அரச குடும்பத்தாரும் கொத்தனாரும் ஒரே மண்டபத்திற் கூடினர், கட்டணம் இல்லை. 1829-இல் ருஷிய மன்னர் அழைப்பின்பேரில், அறுபதாம் வயதில், யூரல் மலையையும் சைபீரியாவையும் கடந்து சீன எல்லைவரை சென்று மீண்டார். அப்பிரயாணத்தின் பயனாய் 1843-இல் வெளிவந்த மத்திய ஆசியாவைப்பற்றிய நூலில், மனிதன் தட்பவெப்பத்தை மாற்றும் வழிகளாக மூன்றைக் குறித்தார்: காடுகளை வெட்டுதல், நீரோட்டங்களைத் திருப்புதல், தொழில் நகரங்களில் நீராவியையும் வாயுக்களையும் திரளாய் வெளிவிடுதல். முதலிரண்டும் வலென்சியாவில் அவர் கண்டவை. மூன்றாவதை அவர் ஒரு வரியிற் குறித்துச் சென்றார். அதன் அளவையும் விளைவையும் அவர் அறிந்திருக்க வழியில்லை.

முதுமையிலும் அவர் இரவிற் சில மணி நேரமே உறங்குவார் என்பர். பிரபஞ்சம் முழுவதையும் ஒரு நூலுள் அடக்க எண்ணிக் காஸ்மாஸ் என்னும் பெருநூலைத் தொடங்கி, முதற் பாகத்தை 1845-இல் வெளியிட்டார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்த கடிதங்களுக்கு விடையெழுதுவதிலேயே பொழுதெல்லாம் போயிற்று. ஐந்தாம் பாகம் முடியுமுன், 1859-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் தேதி, தமது எண்பத்தொன்பதாம் வயது நடந்து தொண்ணூறாம் ஆண்டில் காலமாயினார். பெர்லின் நகர மக்கள் பல்லாயிரவர் பிரேதத்தின் பின் நடந்தனர். டேகல் என்னுமிடத்தில் அண்ணன் வில்ஹெல்மின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

சிம்பொராசோவிற்கு மீண்டும் ஒருமுறை சென்று இதனை முடிப்போம். 2012-இல் ஆராய்ச்சியாளர் சிலர் ஹம்போல்ட்டின் படத்தைக் கையிற் கொண்டு அம்மலையில் ஏறி, செடிகள் எந்த உயரத்தில் நிற்கின்றன என்று பார்த்தனர். அவை 1,600 அடிக்கு மேல் மலைமேல் ஏறிவிட்டன என்று 2015-இல் எழுதினர். 2019-இல் வேறு சிலர் மூலக் குறிப்புகளைத் துருவி, அப்படத்திற் காணும் அளவுகள் பல சிம்பொராசோவில் எடுத்தவையல்ல, அந்திசானா என்னும் வேறு எரிமலையில் எடுத்தவை என்று காட்டித் திருத்தினர். அதன்படி ஏற்றம் 700 அடி முதல் 870 அடி வரையிலாகும். அளவு திருந்திற்று, செடி ஏறியது பொய்க்கவில்லை. பனிக்கட்டியும் ஹம்போல்ட் கண்ட எல்லையை விட்டு மேலே சுருங்கிவிட்டது.

செடிக்குப் பின்னே உழவனும் ஏறுகின்றான். கீழ்ச்சரிவில் வெம்மையும் பூச்சியும் மிகுந்து, மழை முன்போல் மாதம் பார்த்து வராமற்போகவே, உருளைக்கிழங்கும் வாற்கோதுமையும் மேலே மேலே கொண்டுபோகப்படுகின்றன. மேலே இருப்பது பாராமோ என்று அந்நாட்டார் அழைக்கும் புல்வெளி. எரிமலைச் சாம்பலாலான அதன் கருமண் கடற்பஞ்சுபோல் நீரைத் தாங்கி, கீழுள்ள ஊர்களுக்கெல்லாம் ஆண்டு முழுவதும் ஊற்றாய் விடுகின்றது. ஏர் பட்டால் அம்மண் உலரும். உலர்ந்தபின் முன்போல் நீரைப் பிடிப்பதில்லை. ஏறாவிடின் இவ்வாண்டு விளைவில்லை. ஏறின் கீழே உள்ள தன் தம்பியின் வாய்க்காலில் நீரில்லை. ஹம்போல்ட்டின் அட்டவணையில் மேய்ச்சற் புல்லேயன்றி ஏர் இல்லை என்று குறிக்கப்பட்ட இடம் அது. இன்று அங்கே உழவுசால் தெரிகின்றது.